சிங்கராஜ வனத்தின் குடிகள்

மழையினால் காடு உண்டாயிற்றா, காட்டினால் மழை உண்டாயிற்றா என்னும் வினா மிகப் பழையது. விடை எதுவாயினும் ஆகுக. இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாது வாழும் இடமொன்று நம் நாட்டின் தென்மேற்கு மூலையில் இன்றும் இருக்கின்றது. சிங்கராஜ வனம் என்பது அதன் பெயர்.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நமக்குக் காடு என்றவுடன் நினைவுக்கு வருவது வன்னிக் காடே. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் செறிந்த அக்காடு, ஆண்டிற் சில மாதங்களே பெருமழையைக் கண்டு, எஞ்சிய காலமெல்லாம் வெயிலைப் பொறுத்துக்கொள்ளப் பழகியது. சிங்கராஜ வனமோ அதற்கு முற்றிலும் மாறானது. அங்கே வறட்சி என்பது சில வாரங்கள் வந்து போகும் விருந்தாளி, மழையே வீட்டுக்காரன். தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி தொடக்கம் பொழியும். வடகீழ்ப் பருவக்காற்றும் கார்த்திகை தொடக்கம் தன் பங்கைக் கொண்டுவரும். ஆண்டொன்றுக்கு 3,600 மில்லிமீற்றர் முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை வீழ்கின்றது. யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய மூன்று மடங்கும் அதற்கு மேலுமாகும்.

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் மலைச் சரிவுகளில் இவ்வனம் பரந்து கிடக்கின்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் உயரத்திலே தொடங்கி, ஹினிப்பிட்டிகல என்னும் சிகரத்தில் 1,170 மீற்றர் வரை உயர்கின்றது. வடபுறத்தே வழியும் நீர் களுகங்கையைச் சேர, தென்புறத்தே வழியும் நீர் ஜின் கங்கையைச் சேர்கின்றது. இரத்தினபுரியிலும் காலியிலும் வயலுக்கு நீர் பாய்ச்சுவோனும் கிணற்றிலே தண்ணீர் அள்ளுவோளும் தாம் அறியாமலே இவ்வனத்துக்குக் கடன்பட்டவர்களாவர்.

இக்காலத்தில் இவ்வனத்தின் எல்லைகளிலே சுற்றுலா விடுதிகள் பல எழுந்துள்ளன. கலவானை வழியாகக் குடாவ வாயிலுக்கும், தெனியாய வழியாகப் பிட்டதெனிய வாயிலுக்கும் வருவோர் தங்குவதற்கென்று அவை அமைந்தவை. ‘சூழல்நேயச் சுற்றுலா’ என்னும் புதிய தொடரை அவ்விடுதிகளின் விளம்பரப் பலகைகளிலே காண்கிறோம். அத்தொடர் மெய்யாகுமா, வெறும் பெயர்ப்பலகையாகுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை காண்பதற்கு முன், அங்கே விருந்தினராகச் செல்லும் நாம், நம்மை வரவேற்கும் குடிகள் யாவரென அறிந்துகொள்வது முறையன்றோ?

மாடிகள் பல கொண்ட மாளிகை

மழைக்காட்டின் முதலியல்பு அதன் அடுக்கு. தாவரவியலார் அதனைப் படைகளாகப் பிரித்து உரைப்பர். எல்லாவற்றுக்கும் மேலே, 40 மீற்றருக்கும் உயர்ந்து, தலை நீட்டி நிற்கும் தனி மரங்கள் வெளிப்படை எனப்படும். அவற்றின் கீழே, இலையோடு இலை நெருங்கிக் கூரை வேய்ந்தாற்போல் நிற்பது விதானம். அதற்குங் கீழே உபவிதானமும், சிறு மரங்களும், செடிகளும், நிலத்தை ஒட்டிய பூண்டுகளும் பன்னங்களும் உள்ளன. இந்த மாடிகளையெல்லாம் பிரம்பும் மரமஞ்சளும் போன்ற கொடிகள் ஏணிகளாய் இணைக்கின்றன. மரக்கிளைகளிலே பாசியும் பன்னமும் ஓர்கிட்டும் குடியேறி, தமக்கென ஒரு பிடி மண்ணுமில்லாமல் வாழ்கின்றன.

உச்சியிலே கொட்டும் வெயிலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் நிலத்தை வந்தடைகின்றது. ஆகவே இக்காட்டிலே நடக்கும் போட்டியெல்லாம் நீருக்கன்று, ஒளிக்கே. நிழலிலே முளைத்த ஒரு பெருமரத்தின் கன்று, முழங்காலளவு உயரத்திலே ஆண்டுக்கணக்காகப் பொறுத்திருக்கும். அருகிலே முதுமரம் ஒன்று புயலிற் சாய்ந்து விதானத்தில் ஓட்டை விழுந்தாற்றான் அதற்கு வாழ்வு. அன்று தொடங்கி அது மேல்நோக்கி ஓடும். ஆகவே ஒரு மரத்தின் வீழ்ச்சி இங்கே காட்டின் அழிவன்று. காத்திருந்த கன்றுகளுக்கு அதுவே திருநாள்.

இலைகளைக் கவனித்தால் பலவற்றின் நுனி ஊசிபோல் நீண்டிருப்பது தெரியும். இலைமேல் விழுந்த மழைநீர் தங்காது விரைவில் வழிந்தோடுதற்கு அது உதவுகிறது. பெருமரங்களின் அடியிலே பலகை வைத்து முட்டுக்கொடுத்தாற்போல் வேர்கள் விரிந்திருக்கும். மெல்லிய மண்ணிலே உயர்ந்த உடலைத் தாங்க அவை துணை செய்கின்றன.

இவ்வளவு செழிப்பைக் கண்டவர் இம்மண் வளமானதென்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. இடையறாத மழை மண்ணிலுள்ள ஊட்டங்களைக் கழுவிக்கொண்டு போய்விடுகின்றது. இக்காட்டின் செல்வம் மண்ணில் இல்லை. மரங்களின் உடலிலேதான் இருக்கிறது. உதிர்ந்த இலையைப் பங்கசுகளும் சிற்றுயிர்களும் விரைந்து உக்கச் செய்ய, அந்த ஊட்டத்தை மண்ணின் மேற்பரப்பிலேயே பரந்த வேர்கள் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. பெருமரங்கள் பலவற்றின் வேர்களோடு பங்கசுகள் ஒன்றி வாழ்ந்து, மரத்துக்கு ஊட்டம் தேடிக்கொடுத்துத் தாம் அதனிடம் உணவு பெறுகின்றன. காட்டை வெட்டினால் இக்கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகும். எஞ்சுவது ஏழை மண்ணே. மழைக்காட்டை அழித்துப் பெற்ற நிலம் சில ஆண்டுகளிலே சோர்ந்துபோவதன் காரணம் இதுதான்.

சாகியங்கள்

ஊரிலே மக்கள் தொழிலாலும் உறவாலும் கூடி வாழ்வதுபோல், காட்டிலும் சில மரவினங்கள் கூடி வாழ்கின்றன. அக்கூட்டத்தைச் சாகியம் என்கிறோம். சிங்கராஜ வனத்திலே இருபெருஞ் சாகியங்களைச் சாதாரண மனிதனும் வேறுபடுத்திக் காணலாம்.

தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலும் ஆற்றோரங்களிலும் ஹொர, பூஹொர என்னும் மரங்கள் ஓங்கி நிற்கின்றன. தாவரவியலார் அவற்றை ‘டிப்ரெறோகார்ப்பசு’ என்பர். இரு சிறகுடைய கனி என்பது அச்சொல்லின் பொருள். அதன் கனியைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அப்பெயரின் பொருத்தத்தை மறவார். நீண்ட இரு சிறகுகளோடு அக்கனி சுழன்று சுழன்று இறங்கும். ஆயினும் அச்சிறகு அதனை வெகுதூரம் கொண்டுசெல்வதில்லை. பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே அது விழுகின்றது.

நடுச்சரிவுகளுக்கு ஏறினால் நாகமரமும் துன் மரங்களும் சேர்ந்த சாகியம் தோன்றும். நாகமரத்தைச் சிங்களத்தில் ‘நா’ என்பர். 1986 ஆம் ஆண்டில் இலங்கையின் தேசிய மரமாக அது அறிவிக்கப்பட்டது. செந்தளிரும் வெண்மலரும் கொண்ட அம்மரத்தின் வைரம் இரும்பை ஒத்தது. துன் மரங்களோ நம் நாட்டின் தனிச்சொத்து. அப்பிரிவைச் சேர்ந்த இனங்கள் உலகில் இலங்கையையன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. யக்கஹலு துன், பெரலிய முதலிய பெயர்களால் கிராமத்தவர் அவற்றை அழைப்பர். அவற்றின் பட்டையிற் கசியும் பிசினே குங்கிலியமாகப் புகைக்கப்படுவது.

இந்தத் துன் உறவினரிடையேயும் நிலப்பங்கீடு உண்டு. பெரிய விதையுடைய ஒரு பெரலிய இனம் ஈரமிக்க தாழ்சரிவுகளை நாடுகின்றது. மற்றோர் இனம் நீர் விரைந்து வடியும் மலைமுகடுகளைப் பற்றி நிற்கின்றது. சிறு விதையுடைய யக்கஹலு துன் நடுச்சரிவுகளிலே விதானத்தின் பெரும்பகுதியை ஆள்கின்றது. கண்ணுக்கு ஒரே பச்சையாய்த் தோன்றும் மலையிலே, சில நூறு மீற்றர் தூரத்துக்குள் எல்லைகள் பல வகுக்கப்பட்டுள்ளன. வேலியில்லை, ஓலையில் எழுதிய உறுதியுமில்லை, ஆயினும் எல்லை உண்டு.

இத்தகைய நுட்பங்களை நாம் அறிவது பொறுமைமிக்க ஆய்வாளரின் உழைப்பினாலாகும். பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்களான நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வனத்துக்கு அளித்தவர்கள். 1993 ஆம் ஆண்டு தொடக்கம் இங்கே 25 ஹெக்டயர் நிலம் ஆய்வுக்கென அளந்து குறிக்கப்பட்டது. ஒரு சதமமீற்றர் தடிப்புள்ள கன்று முதலாக அந்நிலத்திலுள்ள ஒவ்வொரு மரமும் எண்ணப்பட்டு, இலக்கமிடப்பட்டு, இனம் காணப்பட்டது. எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. இனங்கள் 200க்கு மேற்பட்டவை. அரை மைல் நீளமும் இல்லாத ஒரு சதுரத்திலே இத்தனை குடிகள்! மனிதரின் குடிசன மதிப்பைப் போலவே அம்மரங்களின் மதிப்பும் காலத்துக்குக் காலம் மீண்டும் எடுக்கப்படுகின்றது. எது பிழைத்தது, எது மடிந்தது, எது எவ்வளவு வளர்ந்தது என்பதெல்லாம் கணக்கில் உள்ளன.

இவ்வனத்து மரவினங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை. இங்கே அழிந்தால் உலகிலேயே அழிந்தனவாம். இக்கூற்றின் பாரத்தை வாசகர் ஒரு கணம் சிந்தித்தல் வேண்டும். வேம்பு ஒன்று பட்டுப்போனால் வேறோர் ஊரிலிருந்து விதை கொண்டுவரலாம். துன் மரத்துக்கு வேறோர் ஊர் இல்லை.

விதையிற் பிறந்த வில்லங்கம்

இம்மரங்களைக் காப்பதிலுள்ள இடர் அவற்றின் விதையிலேயே இருக்கின்றது. நெல்லைப் போலவும் பயற்றைப் போலவும் உலர்த்திப் பல மாதம் சேமித்து வைக்கக்கூடிய விதை அன்று அது. உலர்ந்தால் இறந்துவிடும். விழுந்தவுடன் முளைத்தாக வேண்டும். மேலும் இம்மரங்கள் ஆண்டுதோறும் தவறாது காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறைதான் பெருவாரியாகப் பூத்துக் காய்க்கின்றன. ஆகவே காடு அழிந்த இடத்திலே மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும் விதை எதுவும் இல்லை. தொலைவிலிருந்து பறந்துவரும் விதையும் இல்லை. ஒருமுறை அற்றுப்போனால், மனிதன் கைகொடுத்தாலன்றி அது தானாக மீள்வது அரிது.

முற்காலத்துக் கிராமத்தவர் பெரலிய விதையையும் ‘ஹல்’ மரத்தின் விதையையும் பொறுக்கி மாவாக்கி உண்டனர். கித்துள் மரத்திலே பதநீர் இறக்கிக் கருப்பட்டியும் பாணியும் காய்ச்சினர். அப்பதநீர் புளிக்காதிருக்க ஹல் மரத்தின் பட்டையை முட்டியில் இட்டனர். காய்ச்சலுக்கு மரமஞ்சளை அவித்துக் குடித்தனர். காட்டு ஏலத்தையும் பிரம்பையும் எடுத்தனர். எடுத்தவையெல்லாம் காட்டின் வட்டியே. முதலிலே கைவைத்தவர் அரிது. கித்துட் பாணி காய்ச்சுவோர் இன்றும் இவ்வனத்தின் ஓரங்களில் வாழ்கின்றனர்.

கோடரியின் காலம்

1840 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றினால், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடுகள் யாவும் முடிக்குரியனவாயின. அதன் பின் மலைநாட்டுக் காடுகள் கோப்பிக்கும், கோப்பி நோயினால் வீழ்ந்தபின் தேயிலைக்கும் இரையாயின. சிங்கராஜ வனம் செங்குத்தான மலைகளாலும் எட்டாத தூரத்தாலும் தப்பியது. 1875 ஆம் ஆண்டில் அதன் பெரும்பகுதி ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றபின் வேறொரு பசி வந்தது. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலையொன்றுக்கு மரம் வேண்டுமென்று 1960களின் இறுதியிலே திட்டமிடப்பட்டது. 1970களின் முற்பகுதியில் இயந்திரங்கள் வனத்தின் மேற்குப் பகுதியிலே புகுந்தன. பாதைகள் வெட்டப்பட்டன, தேர்ந்தெடுத்த பெருமரங்கள் வீழ்ந்தன. அறிஞரும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தவரும், பொதுமக்களும் இடைவிடாது குரலெழுப்பினர். 1977 ஆம் ஆண்டில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. சுதந்திர இலங்கையிலே ஒரு காட்டுக்காக மக்கள் எழுப்பிய குரல் வென்ற முதன்மையான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றெனலாம்.

அதன் பின் பெருமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1978 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றது. 1988 ஆம் ஆண்டில் இலங்கைச் சட்டப்படி இது தேசிய மரபுரிமை வனாந்தரமாயிற்று. அதே ஆண்டிலே உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. சிகிரியாவுக்கும் அனுராதபுரத்துக்கும் அளிக்கப்பட்ட தகுதி, மனிதக் கை படைக்காத ஒரு காட்டுக்கும் கிடைத்தது.

இன்று குடாவ வாயிலாற் புகும் பயணிகள் நடக்கும் அகன்ற பாதை, அன்று மரம் ஏற்றிச்சென்ற வாகனங்களுக்காக வெட்டப்பட்ட பாதையேயாகும். அழிக்க வந்தவன் இட்ட வழியிலே, இன்று அறிய வந்தவன் நடக்கின்றான். அவ்வழியின் இருமருங்கிலும் காடு மெல்ல மெல்லத் தன் புண்ணை ஆற்றிக்கொண்டு வருவதைக் காணலாம். அவ்வழியிலேயே, பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடிச் செல்லும் காட்சியும் கிடைக்கும். சராசரியாக நாற்பது பறவைகள் கொண்ட அக்கூட்டங்களை 1981 தொடக்கம் ஆய்வாளர் குறித்துவந்துள்ளனர். 2001 ஆம் ஆண்டில், அதுவரை அறிவியலுலகம் அறிந்திராத சிறு ஆந்தையினம் ஒன்றும் இவ்வனத்திற் கண்ணுக்குத் தென்பட்டது. உலகின் கண் இவ்வளவு காலம் பட்டிருந்தும் ஒரு பறவை மறைந்திருந்ததாயின், இன்னும் எத்தனை உயிர்கள் பெயரின்றி வாழ்கின்றனவோ!

பன்னமும் பைனசும்

வனத்தின் ஓரங்களிலே ‘கெக்கில்ல’ என்னும் பன்னம் அடர்ந்த வெளிகள் உள்ளன. சேனைப் பயிருக்காகக் காடு வெட்டி எரிக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்ட நிலங்கள் அவை. அப்பன்னம் மண்ணரிப்பைத் தடுப்பது மெய். ஆயினும் பாய்விரித்தாற்போற் படர்ந்து வேறெந்தக் கன்றையும் தலைதூக்க விடாது. வறண்ட நாட்களில் எளிதில் தீப்பற்றும். எரிந்தபின் முதலில் முளைப்பதும் அதுவே. இவ்வாறு தீயும் பன்னமும் மாறிமாறி அந்நிலத்தை ஆள்கின்றன.

இதற்கு மருந்தாகவும், வனத்துக்கு வேலியாகவும், 1970களின் இறுதி தொடக்கம் கரீபியப் பைனசு மரங்கள் எல்லைகளிலே நடப்பட்டன. பைனசு விரைந்து வளர்ந்தது. பன்னத்தை நிழலினால் அடக்கியது. ஆனால் அதன் கீழே நம் நாட்டு மரங்கள் தாமாக வந்து முளைப்பது அரிதாயிற்று. காரணம் முன்னரே கூறினோம். விதை வெகுதூரம் வருவதில்லை.

இந்நிலையிலே பேராதனை ஆய்வாளர், யேல் பல்கலைக்கழகத்து மார்க் ஆஷ்ரன் என்பாரோடு சேர்ந்து ஒரு வழியைச் சோதித்தனர். பைனசுத் தோட்டத்தை முற்றாக வெட்டாது, சில வரிசைகளை மட்டும் அகற்றி ஒளி விழச் செய்தனர். அந்த இடைவெளிகளிலே துன் முதலிய நாட்டு மரக்கன்றுகளை நட்டனர். முழு வெயிலில் வாடும் கன்று, முழு நிழலிற் சோரும் கன்று, பைனசின் அரைநிழலிலே தழைத்தது. அந்நிய மரம் செவிலித்தாயாயிற்று! காட்டை மீட்பது கற்பனையன்று, கைகூடும் செயலே என்பதை இச்சோதனை காட்டியது. ஆயினும் அதற்கு விதை காய்க்கும் ஆண்டை எதிர்பார்த்திருக்கும் பொறுமை வேண்டும், நாற்றுமேடை வேண்டும், நட்டபின் பல்லாண்டு பேணும் மனம் வேண்டும்.

விடுதிகளின் பொறுப்பு

இங்கேதான் எல்லையிலுள்ள விடுதிகளின் பொறுப்பு வருகின்றது. அவ்விடுதிகளுள் எத்தனையோ பழைய தேயிலை நிலத்திலும் பாழ்நிலத்திலும் அமைந்தவை. அந்நிலத்திலே அவர்கள் எதை நடுகின்றனர் என்பதே முதற் கேள்வி. பூந்தொட்டிகளிலே அயல்நாட்டு அழகுச்செடிகளை வளர்த்து, ‘இயற்கையோடு இணைந்த வாழ்வு’ என்று எழுதி வைப்பதிற் பயனில்லை. அயல்நாட்டுச் செடிகள் வேலி தாண்டினால் நேர்வது என்ன என்பதற்குக் கிளிடேமியா என்னும் செடியே சான்று. தென்னமெரிக்காப் பக்கத்திலிருந்து வந்த அச்செடி, பறவைகள் விரும்பும் சிறு கனிகளை உடையது. பறவையின் எச்சத்தோடு பரவி, இன்று சிங்கராஜ வனத்தின் பாதையோரங்களிலும் விதானம் திறந்த இடங்களிலும் வேரூன்றியுள்ளது. காத்திருக்கும் கன்றுகளின் இடத்தை அது பறித்துக்கொள்கின்றது.

ஒரு விடுதி தன் நிலத்தில் நாற்றுமேடை அமைத்து, விதை காய்த்த ஆண்டிலே அயற் கிராமத்தாரிடம் கன்று வாங்கி, பன்னவெளியிலே பத்துப் பெருமரங்களையேனும் வளர்த்தெடுக்குமாயின், அதன் பெயர்ப்பலகை மெய்யாகும். அன்றி, ஓடைநீரை மறித்து நீச்சற்குளம் நிரப்பி, கழிவை அதே ஓடையில் விடுமாயின், பலகையிலுள்ள சொற்கள் எவ்வளவு இனியனவாயினும் அது காட்டை அரிக்கும் கறையானேயாகும். இரவெல்லாம் எரியும் பேரொளி, ஆந்தைக்கும் பூச்சிக்கும் ஊறு செய்யும். பறவையைக் காட்டுவதற்காக அதன் குரலை ஒலிப்பதிவிலே திரும்பத் திரும்ப எழுப்புவது, எதிரி வந்தானென்று அதனை அலைக்கழிக்கும். விருந்தினர் மகிழ்ச்சிக்காகக் குரங்குக்கு உணவளிப்பது அதனைப் பிச்சைக்காரனாக்கும்.

பயணிகளின் கடனும் சிறிதன்று. அட்டை கடிக்குமென்று அஞ்சி வாகனத்தைக் காட்டின் வாயிலுக்குள்ளேயே செலுத்த விரும்புவோர் உளர். அட்டையும் அக்காட்டின் குடியே. வழிகாட்டியின்றி நடத்தலும், பூவையோ ஓர்கிட்டையோ பறித்தலும், பொலித்தீன் பைகளை எறிதலும் விருந்தினர்க்கு அழகல்ல. நமது ஊரில் விருந்துக்குச் சென்றவன் வீட்டுக்காரரின் அடுப்பை உடைத்துவிட்டு வருவானா?

மனிதக் குடிகள்

காட்டின் குடிகளைப் பேசும்போது மனிதக் குடிகளை மறத்தல் நீதியன்று. வனத்தைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் உள்ளன. 2020 ஆம் ஆண்டில், லங்காகம என்னும் கிராமத்துக்குச் செல்லும் வழியை வனத்தின் ஊடாக அகலப்படுத்தும் வேலை தொடங்கியபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. காட்டுக்காகப் பேசியோர் சொன்னது மெய்: பாதை அகன்றால் விதானம் பிளக்கும், ஒளியும் வெப்பமும் புகும், களைச்செடி நுழையும், நிலம் வாங்குவோர் வருவர். கிராமத்தார் சொன்னதும் மெய்: நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழி வேண்டும், பிள்ளை பள்ளிக்கூடம் செல்ல வழி வேண்டும். தலைநகரிலே நல்ல வீதியில் வாழ்ந்துகொண்டு, காட்டோரத்து ஏழையிடம் மட்டும் தியாகத்தைக் கேட்பது எளிது. காடு காக்கப்படுவதன் பயன் அவன் அடுப்பிலும் தெரிய வேண்டும்.

வல்லப்பட்டையின் கதை இதனை உணர்த்துகின்றது. நம் பழந்தமிழ் நூல்கள் போற்றும் அகிலின் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமரம் வல்லப்பட்டை. காயம்பட்ட இடத்திலே அதன் மரவைரத்துள் நறுமணப் பிசின் உண்டாகும். 2012 ஆம் ஆண்டளவில் அதன் மதிப்பு வெளிப்பட்டதும், கிராமத்தவர் முன்னர் நாருக்காகவே அறிந்திருந்த அம்மரம் கள்ளக்கடத்தற் பொருளாயிற்று. பிசின் உள்ள மரம் எது, இல்லாத மரம் எது என்று வெளியிலே தெரியாதாகையால், ஒன்றுக்காகப் பலவற்றை வெட்டினர். விமான நிலையத்திலே பலர் பிடிபட்டனர். பிடிபட்டவர் சுமந்தவர்களே, அப்பொருளின் பெரும்பயன் எங்கோ தொலைவிலுள்ள வணிகருக்கு. வழிகாட்டியாகவோ, நாற்று வளர்ப்பவனாகவோ, விடுதிக்கு மரக்கறியும் கித்துட் பாணியும் கொடுப்பவனாகவோ நேர்மையான ஊதியம் பெறும் இளைஞன், இருளிலே கோடரி தூக்க வேண்டியதில்லை. வழிகாட்டி உயிரோடுள்ள ஒரு மரத்தை ஆயிரம்பேருக்குக் காட்டி ஆயிரம்முறை ஊதியம் பெறலாம்; வெட்டுவோன் பெறுவது ஒரேமுறை. சூழல்நேயச் சுற்றுலாவின் முழுக் கணக்கும் இதில் அடங்கும். விடுதியின் இலாபம் முழுதும் நகரத்துக்கே போகுமாயின் அக்கணக்குப் பிழைத்துவிடும்.

நமக்கும் பங்குண்டு

இவ்வனம் தமிழருக்கு அயலானதென்று எண்ண வேண்டாம். இறக்குவானை, தெனியாயப் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலே நம் மலையகத் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்தம் லயங்களுக்கு மேலேயுள்ள மலையிலிருந்து வழியும் நீரே அவர்கள் குடிக்கும் நீர். ஆயினும் வனத்தைப் பற்றிய நூல்களும் அறிவிப்புகளும் அவர்களது மொழியிலே போதிய அளவு இல்லை. காட்டைக் காக்கும் முயற்சியிலே அவர்கள் கூலியாட்களாக மட்டுமின்றி, வழிகாட்டிகளாகவும் நாற்றுமேடை நடத்துவோராகவும் இடம்பெறல் வேண்டும்.

இன்னொரு கடன் நம் மொழிக்குரியது. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கியதைத் தமிழாசிரியர் பெருமையோடு எடுத்துரைப்பர். அத்தகைய மொழியை உடைய நாம், நம் நாட்டிலேயே, உலகில் வேறெங்குமில்லாத இத்தனை மரங்களுக்குத் தமிழிலே பெயர் வழங்கவில்லை. ஹொர, துன், பெரலிய என்று சிங்களக் கிராமத்தவர் இட்ட பெயர்களையே இக்கட்டுரையும் கையாண்டுள்ளது. அதிலே குறைவொன்றுமில்லை, மரத்தோடு வாழ்ந்தவன் இட்ட பெயரே மரத்துக்கு உரியது. ஆயினும் அப்பெயர்களையேனும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். பெயர் தெரியாத ஒன்றின் இழப்பை எவரும் உணர்வதில்லை. வகுப்பறையிலே ‘மழைக்காடு’ என்று படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவனும் மட்டக்களப்பு மாணவியும் ஒருமுறையேனும் சிங்கராஜ வனத்தினுள்ளே நடக்க வேண்டும். பாடநூலில் அமேசன் காட்டின் படத்தைக் கண்டு வியக்கும் பிள்ளை, அதே வகைக் காடொன்று ஒருநாட் பயணத் தூரத்திலே தனக்கும் உரியதாய் நிற்கின்றதென அறியட்டும்.

ஈரவலயத்தில் ஒருகாலத்தே பரந்திருந்த மழைக்காட்டிலே எஞ்சியது சிறு பங்கே. அதிலே பெரிய துண்டு சிங்கராஜ வனம். ஏனையவை தேயிலைக்கும் இறப்பருக்கும் வீட்டுக்கும் நடுவே தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றன. அத்தீவுகளை நாட்டு மரங்களின் பசிய வழிகளால் மீண்டும் இணைக்கும் வேலை இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. விடுதிகளின் நிலமும், தோட்டங்களின் பாழ்நிலமும், பைனசுத் தோட்டங்களும் அவ்வழிகளாக மாறக்கூடும்.

இன்று நட்ட துன் கன்று விதானத்தை எட்டும்போது, நட்டவன் உயிரோடிரான். அதன் நிழலிலே விடுதி நடத்துவோனும் வேறொருவனாயிருப்பான். 1977 ஆம் ஆண்டில் கோடரியை நிறுத்தியவர்களிலும் பலர் இன்றில்லை. அவர்கள் காத்த மரங்களோ நிற்கின்றன. காய்க்கும் ஆண்டு வரும்போது விதை உதிர்க்கின்றன. அவ்விதை விழும் இடத்திலே மண் இருக்குமா, தார் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் முறை இப்போது நம்முடையது.